முன்னுக்கு ஏறக் கட்டிய காசு

சித்தி,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நேற்றுப் பாடசாலை மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் பாதி உண்மையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சப் பாதியை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

விவாதப் போட்டி நடந்தது. விமானத்தில் மற்றவர்களுக்கு முன்னால் ஏறுவதற்கு மேலதிகமாகக் காசு கட்டுவது தகுமா, தகாதா என்பது தலைப்பு. எங்கள் அணிக்குத் ‘தகாது’ வந்தது. மூன்றாவதாக நான் பேசினேன். நாங்கள்தான் வென்றோம். இன்று காலை, கிடைத்த சான்றிதழ் மடங்காமல் இருக்கட்டும் என்று அதைத் தடித்த அகராதிக்குள் வைக்கப் போனேன். அதிலிருந்து உங்கள் விமானச் சீட்டின் துண்டு விழுந்தது. எழுத்தெல்லாம் மங்கி, உங்கள் பெயரில் கடைசி எழுத்து மட்டும் தெரிகிறது. ஆனால் ஓரத்தில் நீலப் பேனையால் வட்டமிட்ட ‘1’ அப்படியே இருக்கிறது. முதல் பிரிவு, முதலில் ஏறுபவர்கள்.

அதை எடுத்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், வருகிறேன், அம்பிட்டிய பஸ் மேட்டில் ஏறும் சத்தத்தைக் கேட்கிறேன், திரும்பவும் மேசைக்கு வருகிறேன். “ஏன்டி, ஒரு எடத்துல நிக்க மாட்டியா? பூனக்குட்டி மாதிரி” என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இந்தக் கடிதத்தை மூன்றாம் முறையாகத் தொடங்குகிறேன்.

டிக்கட் எடுக்கப் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கண்டி டவுனில் அந்த ஒடுங்கிய மாடிப்படி. பதினொரு படிதான். நீங்கள் நான்காவதில் நின்று சுவரில் ஒட்டியிருந்த கலண்டரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தீர்கள். எட்டாவதில் பார்ப்பதற்குக் கலண்டர் இல்லை, அதனால் என் தலைப்பின்னலைச் சரிசெய்தீர்கள். மூச்சு வாங்குவதை மறைக்க உங்களிடம் அத்தனை வழிகள் இருந்தன. இதயத்தில் ஒரு வால்வு பழுது, மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லி அப்போது இரண்டு மாதம். இங்கே முறை வர நாளாகும் என்பதால் நாம் மூவரும் சென்னைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது.

டிக்கட் போடுபவர் கேட்டார். “நோயாளி இருந்தா வீல்செயார் போடலாம். அதுக்குக் காசில்ல. முதல்லயே ஏத்திடுவாங்க.”

“நோயாளி யாரும் இல்ல” என்றீர்கள். அவ்வளவு வேகமாக.

அம்மா உங்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை.

கீழே இறங்கிய பிறகுதான் அம்மாவிடம் சொன்னீர்கள். “அக்கா, அந்தப் பிளேன்ல பாதிப் பேரு நம்ம வீதிக் கடைக்காரங்கதான். சாரி எடுக்க மாசா மாசம் போறவங்க. என்னைய வீல்செயார்ல பாத்தா அடுத்த நாளே மொதலாளி காதுக்குப் போயிரும். மூட்டு வலின்னு சொன்ன அந்தக் கமலா அக்காவ என்ன செஞ்சாங்க? பின்னால துணி மடிக்க வச்சாங்க. வருசப் பொறப்புக்கு அப்புறம் வர வேணாம்னுட்டாங்க.”

பதினெட்டு வருடங்கள் ஒரே புடவைக் கடையில், ஒரே கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் நீங்கள். அங்கே விற்பவர்களுக்குக் கதிரை கிடையாது. வாடிக்கையாளருக்குத்தான் கதிரை. கடையில் நீங்கள் சொல்லியிருந்தது, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகிறேன், ஒன்றரை மாதம் லீவு வேண்டும் என்று. அந்தப் பொய்யைக் காப்பாற்றினால்தான் திரும்பி வரும்போது அந்த இடம் இருக்கும். வரிசையில் அரைமணி நேரம் நிற்கவும் உங்களால் முடியாது, நோயாளி என்று சொல்லவும் முடியாது.

அப்போது அந்த யோசனையைச் சொன்னது நான்தான், சித்தி. காசு கட்டியும் முதலில் ஏறலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், வசதியானவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றேன். கட்டுரைப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணம் என்னிடம் இருந்தது. அது இரண்டு பேருக்குப் போதும். அம்மாவுக்குப் போதாது.

“எனக்கு எதுக்கு? பிளேன் என்ன, என்னைய விட்டுட்டா போகப் போகுது?” என்றாள் அம்மா. நீங்கள் என் கன்னத்தைக் கிள்ளி, “புத்தகப் பூச்சி, ஒன் மூளைக்கு ஒரு சாரி வாங்கித் தரணும்டி” என்றீர்கள். நான் பெருமையில் மிதந்தேன். மேலே போய்க் காசைக் கட்டிவிட்டு வந்தேன்.

கட்டுநாயக்கவில், நாம் விமானத்துக்காகக் காத்திருந்த கூடத்தில், நீங்கள் பயந்ததுபோலவே அடுத்த கடை ஹாஜியார் வந்தார். கையில் ஒரு சின்னப் பை, தோளில் துவாய்த் துண்டு.

“என்ன தங்கச்சி, மொதலாளி ஒங்களயும் சாரி எடுக்க அனுப்பிட்டாரா? அப்ப நாங்க கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

“சாமி கும்புடப் போறேன் ஹாஜியார். ஒங்க கடைக்கும் சேத்து ஒரு அர்ச்சனை வச்சிட்டு வர்றேன்.”

“வைங்க, வைங்க. யாவாரம் அந்தளவுக்கு மோசமாத்தான் ஈக்குது.”

எல்லோரும் சிரித்தோம். முதலில் சக்கர நாற்காலிகளை அழைத்தார்கள். வயதான ஒருவரையும் காலில் கட்டுப் போட்ட ஒரு பெண்ணையும் தள்ளிக்கொண்டு போனபோது கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள். அந்தப் பிடியில் நகம் பட்டது. அடுத்து முதல் பிரிவு என்றார்கள். நீங்கள் எழுந்து, சேலை மடிப்பை உதறி, கடையில் விலை உயர்ந்த பட்டைக் காட்டப் போகும்போது நடப்பீர்களே, அந்த நடையில் நடந்தீர்கள்.

“அடேயப்பா! நான் இத்தன வருஷமாப் போய் வாறேன், ஒரு நாளும் இதுக்குக் காசு கட்டினதில்ல” என்றார் ஹாஜியார்.

“நின்னு நின்னே வித்தவ ஹாஜியார். ஒரு நாளாவது நிக்காம ஏறிப் பாக்கணும்னு ஆச.”

அம்மா பின்னால் ஓடி வந்து தன் கைக்குட்டையை உங்கள் கையில் திணித்தாள். “இந்தா, இத என் சீட்டுல போட்டு வை.”

“அக்கா, நம்பர் இருக்கு!”

“பதுளை ரயில்லயுந்தான் நம்பர் இருந்திச்சு. நாம போய்ப் பாக்கறப்ப ஒரு குடும்பமே உக்காந்து சோத்துப் பார்சல் பிரிக்கல?”

நீங்கள் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தக் கைக்குட்டையை எனக்கு அடுத்த ஆசனத்தில், நான்கு மூலையும் இழுத்து விரித்து வைத்தீர்கள். விமானப் பணிப்பெண் அதைப் பார்த்துவிட்டு ஏதாவது சிந்திவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். நீங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

“எப்புடி, நல்லா நடந்தேனா? ஹாஜியாருக்கு வெளங்கியிருக்குமா?”

“சத்தியமா இல்ல சித்தி.”

இதுவரை எல்லாம் நான் திட்டமிட்டபடி நடந்தது. இனி எழுதப்போவதைத்தான் நான் நேற்று மண்டபத்தில் விற்றேன்.

நம்மை ஏற்றிய பிறகு மற்றவர்களை நிறுத்திவிட்டார்கள். ஏதோ சரிபார்க்க வேண்டுமாம், பத்து நிமிடம் என்றார்கள். பிறகு இன்னொரு பத்து நிமிடம். முக்கால் மணி நேரம் ஆனது. குளிரூட்டி சரியாக வேலை செய்யவில்லை. காலைத் தொங்கப்போட்டு அதிக நேரம் உட்காரக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெளியே இருந்திருந்தால் எதிர்க் கதிரையில் கால் நீட்டியிருக்கலாம். உள்ளே முன் ஆசனம் முழங்காலில் இடித்தது. வீக்கம் தெரியக் கூடாது என்று வார் வைத்த கறுப்புச் சப்பாத்துப் போட்டிருந்தீர்கள். வாருக்கு மேலே சதை புடைத்து எழும்புவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழற்றுங்கள் என்றேன். “கழட்டினா திருப்பிப் போட முடியாதுடி. அவங்க வர்ற நேரம்” என்றீர்கள். இறங்கிவிடுவோமா என்று கேட்டேன். ஆசனத் துணியைத் தடவிப் பார்த்து, “இது பொலியெஸ்டர். ரெண்டு தடவ கழுவினா நூல் நூலா வரும். இதுக்கா காசு கட்டின?” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே காசு கொடுத்து உங்களை அதற்குள் அடைத்துவிட்டதாகத் தோன்றியது.

நேற்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? “முதலில் ஏறியவர்கள் உள்ளே முக்கால் மணி நேரம் வியர்த்துக் கிடந்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். காசு கொடுத்துச் சிறை வாங்குகிறார்கள்!” என்றேன். மண்டபம் அதிர்ந்தது. நடுவராக இருந்த மிஸ் கூடச் சிரித்தார். யார் வியர்த்துக் கிடந்தது, ஏன் காசு கட்டினோம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் காலை வைத்துப் புள்ளி எடுத்தேன்.

எதிரணிப் பெண் ஒருத்தி, காசு கட்டினால் பெட்டி வைக்க மேலே இடம் கிடைக்கும், அதற்காகவாவது தகும் என்றாள். நாம் வாங்கியது பெட்டிக்கு இடமா, சித்தி? யாரும் ஒன்றும் கேட்காமல் ஒரு கூடத்தைக் கடந்து போவதற்கு வேறு எங்கே டிக்கட் விற்கிறார்கள்? ஆனால் அந்த வீக்கமும் அந்தக் காசுக்குக் கிடைத்ததுதான். எந்தப் பக்கம் நின்று பேசினாலும் மற்றப் பக்கம் என்னை இழுக்கிறது.

சென்னையில் வால்வை மாற்றிக்கொண்டு நீங்கள் திரும்பி வந்தீர்கள். மார்பின் தழும்பைக் கழுத்துவரை மூடிய சட்டையால் மறைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனீர்கள். கோயில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மெலிந்துவிட்டேன் என்று கடையில் சொன்னீர்கள். தீபாவளிக் கூட்டம் முழுவதையும் நின்றே சமாளித்தீர்கள். தையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் நீங்கள் இல்லை. கடையில் அடுத்த வாரத்துக்கான பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததாக, சாவு வீட்டுக்கு வந்த பெண்கள் சொன்னார்கள்.

ஹாஜியாரும் வந்தார். அம்மாவிடம் பேசிவிட்டு, முற்றத்துத் தகரப் பந்தலுக்குக் கீழே நின்ற என்னிடம் வந்தார்.

“மகள், பிளேன்ல போன அன்டைக்கு நான் நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தன். ஒங்கட சித்திட கால் வீங்கி ஈந்தத நான் கண்டன். அவங்க என்னப் பாத்துப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு ஈந்தாங்க. சப்பாத்தக் கழட்டி வைக்க வெக்கப்படுறாங்கன்டு வெளங்கிச்சி. அதனாலதான் துவாய மொகத்துல போட்டுட்டுத் தூங்குற மாதிரி ஈந்தன். யாருட்டயும் சொல்லல்ல.”

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த முக்கால் மணி நேரமும் அதற்குப் பிறகும் நீங்கள் யாருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தீர்களோ, அவரே மறைக்க உதவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் நீங்கள் சப்பாத்தைக் கழற்றியிருப்பீர்கள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் நீங்கள் உடைந்தும் போயிருப்பீர்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து, அவர் செய்தது சரியா என்று எனக்குள்ளே விவாதம் நடத்தி இன்னும் தீர்ப்பு வரவில்லை. பஸ்ஸில் அவரைக் கண்டால் எழுந்து இடம் கொடுக்கிறேன்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது.

மற்றவர்கள் ஏறி முடிந்து, அம்மா தன் கைக்குட்டையை எடுத்து மடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஹாஜியார் துவாயை முகத்தில் போட்ட பிறகும் நீங்கள் அசையவில்லை. விமானம் நகர்ந்து, ஓடுபாதையின் நுனியில் போய் நின்றது. வெளியே மங்கல் பொழுது. உள்ளே விளக்குகள் அணைந்தன. உடனே உங்கள் கை கீழே போனது. வார் அவிழும் சத்தம் கேட்டது. ஜன்னலில் முதுகைச் சாய்த்துத் திரும்பி, ஒரு காலை என் மடியில் வைத்தீர்கள். பிறகு மற்றதையும்.

“கனக்குதா?”

“இல்ல சித்தி.”

கனத்தது. ஈரத் துணிமூட்டை மாதிரிக் கனத்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். விரலால் அழுத்திய இடத்தில் குழி விழுந்து, நிரம்பாமல் அப்படியே நின்றது. விமானம் ஓடத் தொடங்கியது. எல்லோருக்கும் உடம்பு பின்னால் சாய்ந்தபோது, எனக்கு மட்டும் அந்தப் பாரம் மடியில் அழுந்தியது. வகுப்பில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் அந்த இடம் கனக்கிறது. நான் காலை மாற்றிப் போடுவதில்லை.

நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். அது வலியா, ஆறுதலா, சிரித்தீர்களா, அழுதீர்களா என்று எனக்குத் தெரியாது. விளக்குகளை அணைத்திருந்தார்கள், முகம் தெரியவில்லை.