வாழையடி எறும்புகள்

மச்சான், இன்று காலை ஈப்போ வீட்டுக் குளியலறையில் எறும்பு. சன்னல் சட்டத்திலிருந்து இறங்கி, சுவரோரமாக ஊர்ந்து, நேற்று நான் சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் விட்ட இடத்தில் மொய்த்துக்கொண்டிருந்தது. வாளியோடு போனவன் அப்படியே நின்றுவிட்டேன். உன் நினைப்பு வந்தது என்று எழுதினால் பொய். நீயே வந்துவிட்டாற்போல் இருந்தது.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உன் வீடும் என் வீடும் ஒரே லயத்து வரிசையில், நடுவில் ஒரு பலகைச் சுவர். நீ பால்மரம் வெட்டப் போவாய். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் போவேன். கக்கூஸ் லயத்தின் கோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்க நம் இருவருக்கும் சோம்பல். விடியுமுன் பின்பக்கத்து வாழையடியில் ஒதுங்கி, ஊர் வம்பெல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவோம்.

அந்த வருடம் எறும்பு வந்தது. முதலில் வாழையடியில். பிறகு, பால் நாற்றத்துக்காக நீ வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியே கம்பியில் மாட்டிவைக்கும் காற்சட்டையில். தட்டினால் உதிரும், மறுநாள் அதே கம்பியில் அதே சாரி. நீயும் இளைத்துக்கொண்டே போனாய்.

"கொடம் கொடமா குடிக்கிறாரு அண்ணே, தாகம் அடங்க மாட்டேங்குது. யாரோ ஏவி விட்டுட்டாங்க" என்று உன் மனைவி என்னிடம் அழுதாள். பூசாரி வந்து வாழையைச் சுற்றி மஞ்சள்தூளால் கோடு போட்டார். மூன்று நாள் எறும்பைக் காணோம். லயமே கையெடுத்துக் கும்பிட்டது. நான்காம் நாள் மழை பெய்து மஞ்சள் கரைந்தது. எறும்பும் திரும்பி வந்தது.

எனக்கு வேறு சந்தேகம். ஆஸ்பத்திரியிலிருந்து, சர்க்கரை பட்டால் நிறம் மாறும் நீல மருந்து கொஞ்சமும், கண்ணாடிக் குழாய் இரண்டும், ஸ்பிரிட் விளக்கும் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் அடுப்படியில், மருந்தில் உன் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"இனிப்பு நீர் மச்சான்" என்றேன். நீ நம்பவில்லை. "ஒண்ணும் இல்லாதவனுக்கு நீலமாவே நிக்கும், பாரு" என்று, வீம்புக்கு என்னுடையதையும் இன்னொரு குழாயில் கொதிக்கவைத்தேன்.

அதுவும் மஞ்சளானது.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஒனக்குமாலா? ஒன் மருந்துதான் கெட்டுப்போச்சு மச்சான்!"

மருந்தை மட்டும் தனியே கொதிக்கவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கெடாத மருந்து நீலமாகவே நிற்கும். என் வேலையின் அரிச்சுவடி அது. தினமும் செய்கிறவன் அன்று செய்யவில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, குழாயும் கையில்தான் இருந்தது. நீலமாகவே நின்றுவிட்டால்? எனக்குப் பயம், மச்சான். "ஆமாலா, பழைய சரக்கு" என்று சொல்லி விளக்கை மூடிவிட்டு உன்னோடு சேர்ந்து சிரித்தேன். உன்னை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் இல்லை.

நான்கு மாதத்தில் உன் காலில் பட்ட சின்னக் கீறல் ஆறாமல் கறுத்தது. அதற்குப் பிறகுதான் லோரியில் ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். திரும்பும்போது உன் உடலைத்தான் கொண்டுவந்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, பின்பக்கம் உன் மனைவியின் அலறல். ஓடினேன். வாழையடியில் எறும்புச் சாரி.

"அவருதான் அண்ணே! என்னைய விட்டுப் போவ மனசில்லாம வந்துட்டாரு."

லயத்துச் சனம் கூடிவிட்டது. அவள் உள்ளே ஓடி ஒரு பிடி சீனி எடுத்துவந்து எறும்புகளுக்கு முன்னால் தூவினாள், பிள்ளைக்குச் சோறு வைப்பதுபோல.

நீ போன பிறகு அங்கே ஒதுங்கியவன் நான் ஒருவன்தான். அந்த எறும்பு யாரைத் தேடி வந்தது என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது. மருந்து கெடவில்லை. வாயைத் திறக்காமல் அன்றே பஸ் ஏறி ஈப்போ போய், டாக்டரிடம் என்னைக் காட்டி, பிழைத்துக்கொண்டேன்.

இப்போது ஈப்போ வீட்டில் நானே விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டு, பஞ்சால் துடைத்து, குப்பியில் ஒட்டியிருக்கும் நிறங்களோடு வைத்துப் பார்க்கிறேன். உன் மனைவி தோட்டத்திலிருந்து எப்போதாவது வருவாள். "இன்னும் வாராரு அண்ணே" என்பாள். தினமும் சீனி தூவினால் எறும்பு வராமல் என்ன செய்யும்? சொல்லலாம். அதைச் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொல்ல வேண்டும்.

இன்று பட்டையின் நிறம் அடர்ந்துதான் இருந்தது. குளியலறைக்கு வந்தது என் சர்க்கரைக்கு வந்த எறும்பு. மருந்து கலக்கியவனுக்கு இதுகூடத் தெரியாதா? தெரிந்தும் என் வாயில் வந்தது வேறு.

"வந்துட்டியா மச்சான்?"

தண்ணீர் ஊற்ற மனம் வரவில்லை. வாளியை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வரும்போது என் கையில் ஒரு பிடி சீனி இருந்தது.