இடைவேளைக்குப் பிறகு அம்மா

வியாழன், 6 நவம்பர்

ஓல்டன் முழுக்க மூடுபனி. முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட், இரண்டு பேர் லீவு. கால் வீக்கம்.

தம்பி ரகுவின் படம் இங்கே சுவிஸில் இன்று வெளியீடு. அமெரிக்காவில் நாளைக்குத்தானாம். ஹாலிவுட்டில் ஒலி வேலை என்றாலும் பெயர் கடைசியில் ஓடும் எழுத்தில்தான். ஆரவாரம் அதற்காக இல்லை. சந்தைக் காட்சியில் ஒரு பெண் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். அதற்கு அம்மா முன்பு போனில் அனுப்பிய குரலை வைத்திருக்கிறான்: "கெதியா வா ராசா, சோறு ஆறுது." அம்மா இறந்துபோய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

அப்பா இப்போதே சட்டை மினுக்கி வைத்துவிட்டார்.

வாங்க: பால், அப்பாவின் காதுக் கருவிக்குப் பற்றரி, பட டிக்கெட். சனி மத்தியானம் ஜெர்மன் பேச்சில். திங்கள் இரவு மூல ஆங்கிலத்தில், ஆனால் எனக்கு ஷிப்ட். சனி எடுத்தேன்.

சனி, 8

பெரிய ஹால், நல்ல சனம். இடைவேளையில் அப்பாவுக்கு ஐஸ்கிரீம்.

"அம்மா இன்னும் வரேல்லையோ?"

"இனித்தான் அப்பா. இடைவேளைக்குப் பிறகு எண்டு ரகு சொன்னவன்."

சந்தை வந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்தாள். யாரோ ஒரு ஜெர்மன்காரியின் குரல், நல்ல தெளிவாக. காட்சி மாறிவிட்டது.

பேச்சை மாற்றினால் அம்மாவையும் மாற்றுவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? மடச்சி.

விளக்கு போட்ட பிறகு அப்பா மெல்லக் கேட்டார்: "பிள்ளை, நான் இடையிலை நித்திரை கொண்டிட்டனோ?"

"ஓம், கொஞ்சம் கண் அயர்ந்தனீங்கள்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மனிதர் கண் கொட்டாமல் இருந்தவர்.

ஞாயிறு, 9

ஷிப்டை மாற்றி அப்பாவை ஆங்கிலக் காட்சிக்குக் கூட்டிப் போக நினைத்தேன். அதை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் ஜெர்மன்தான் கேட்கிறார்களாம்.

ரகு போன் பண்ணினான். குரலே இல்லை. "அக்கா, இஞ்சை படம் படுத்திட்டுது. இனி வெளிநாட்டுச் சனம்தான் தூக்கவேணும். இல்லாட்டி எங்கட ஒலி ஆக்களுக்கு அடுத்த படம் இல்லை." பிறகு, "அப்பா அம்மாவின்ரை குரலைக் கேட்டவரோ?"

ஸ்பீக்கரில் கேட்ட அப்பா போனை வாங்கினார். "ஓம் ராசா. வடிவாக் கேட்டது."

ஒரே வீட்டில் இரண்டு பொய்.

வெள்ளி, 14

பனி, பனி. உடுப்புக் காயவில்லை.

வேலையால் நான் வர, அப்பா மறுபடி படத்துக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். புதுப் பற்றரி. பிளாஸ்கில் கோப்பி. "இந்த முறை நித்திரை வரக்கூடாதெல்லோ." உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து: "பின்னுக்கு இருந்ததுகள் ஒரே கதை. ஒண்டும் கேக்கேல்லை."

ஞாயிறு, 16

அப்பா மத்தியானமே வெளிக்கிட்டுவிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ரகு போன் பண்ணினான், ஆளே மாறிப்போய். "அக்கா, தப்பிட்டம். இஞ்சை விழுந்த படத்தை வெளிநாடு தூக்கிட்டுது. ஜெர்மனி, பிரான்ஸ், உங்கட பக்கம் எல்லாம் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கினமாம். ரெண்டாம் பாகம் எடுக்கினம்."

அவனிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன்.

அவன் காரணம் சொன்னான்: "வெளிநாட்டுக்குப் போற ஒலி ட்ராக்கிலை பேச்சு இருக்காது அக்கா. இசையும் மற்றச் சத்தங்களும்தான். நான் அம்மாவைப் பேச்சிலை வைச்சிட்டன். சந்தைச் சத்தத்தோடை விட்டிருந்தால் எல்லா ஊரிலையும் இருந்திருப்பா."

அழுகிறான். நானும். படத்தைக் காப்பாற்றிய எந்த ஊரிலும் அம்மா இல்லை.

பின்னேரம் கதவு. அப்பா. தொப்பியில் ஈரம். பிளாஸ்க் வெறுமை. கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"இண்டைக்கு நான் கண்ணே மூடேல்லை, பிள்ளை. கொம்மா வரேல்லை."