ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரண்டு உண்டு

2012 அக்டோபர் 9, செவ்வாய்

அரிசி பாதி அரைபடும்போது கரண்டு போய்விட்டது. கிரைண்டரில் மாவு நொறுநொறுவென்று அப்படியே கிடக்கிறது. இனி எப்போது வருமோ, வந்தால்தான் தெரியும்.

லூசியம்மாள் அக்கா வீட்டு வராந்தா லைட்டு பட்டப்பகலில் எரிகிறது. எங்கள் வாசலில் நின்றாலே தெரியும். நடுவில் ஒரு தார் ரோடு, ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். அந்தப் பக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ், அங்கே கரண்டு போவதே கிடையாது. இந்தப் பக்கம் எங்கள் அந்தோணியார் நகர், இங்கே கரண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஊருக்கெல்லாம் கரண்டு கொடுக்கிற நெய்வேலியில் இருந்துகொண்டு நான் ஆட்டுக்கல்லைத் தேடுகிறேன். வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள்.

அக்கா எனக்கு ஓரகத்தி. அவள் வீட்டுக்காரர் பவுல்ராஜ், என் வீட்டுக்காரர் சைமன்ராஜ், இருவரும் கூடப்பிறந்தவர்கள். வேலை ஒரே மைன்ஸில். பெரியவர் பர்மனென்ட், இவர் கான்ட்ராக்ட். இரண்டு பேர் சட்டையையும் ஊற வைத்தால் ஒரே கறுப்புத் தண்ணீர்தான் வரும். அவளுக்கு மட்டும் ஓட்டு வீடு, தோட்டம், வாழை, எந்நேரமும் குழாயில் தண்ணீர். எங்களுக்கு ஷீட்டு வீடு. மழை வந்தால் பாத்திரம் எல்லாம் தரைக்கு வரும்.

பகலில் லைட்டை அணைக்கக்கூட அவளுக்குக் கை வராதா?

அக்டோபர் 14, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். “பாப்பா பிளஸ் டூ ஆச்சே ரெஜினா. இருட்டுல ஒக்காந்துகினு எப்புடிப் படிக்கும்? சாயந்திரம் எங்க வூட்டுக்கு அனுப்பு. ஃபேன் கீழ ஒக்காந்து படிக்கட்டும்.”

நல்லதுதான் சொன்னாள். தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? பத்துப் பேர் காதில் விழ வேண்டுமா, எங்கள் வீட்டு இருட்டு? நான் சிரித்தேன். தாடை வலிக்கச் சிரித்தேன்.

என் மகள் ஜெசிந்தா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்போதே மனசால் வேலியைத் தாண்டிவிட்டாள்.

அக்டோபர் 16

அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 6, செவ்வாய்

பெரியம்மா வீட்டில் தோசைக்குத் தக்காளிச் சட்னி. பெரியம்மா வீட்டில் சத்தமே இல்லை. பெரியம்மா வீட்டில் பாத்ரூமுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது. வந்ததும் வராததுமாக ஜெசிந்தாவுக்கு இதே பாட்டு.

“அப்ப அங்கயே இருந்துக்கோ” என்றேன்.

“ஏம்மா இப்படிப் பேசற?”

ஏன் பேசுகிறேன் என்று எனக்கே தெரியும். அக்கா மகன் பிராங்க்ளின் ஓசூர் வேலைக்குப் போனதிலிருந்து அவளுக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதற்கு என் பெண்தானா கிடைத்தாள்?

இந்த நகரில் மனை மலிவு, அதனால் வந்தோம். இங்கே எல்லோரும் அப்படித்தான். கொத்தனார், ஆட்டோக்காரர், கான்ட்ராக்ட் ஆட்கள். கரண்டு போனால் தெருவே வெளியில் வந்து உட்காரும். பக்கத்து வீட்டு ராஜாம்பாள் ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். போன வாரம் அவள் சொன்ன கதையில் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அதை ஜெசிந்தா யாரிடமாவது சொல்வாளா? மாட்டாள். ஷீட்டு ஒழுகுவதைத்தான் சொல்வாள்.

நவம்பர் 19

இன்று ரெட்டைச் சடையோடு வந்தாள். எண்ணெய் வைத்து, வழவழவென்று, நேர்வகிடு எடுத்து. நான் பின்னியது இல்லை.

பிரித்து மறுபடி பின்னினேன். “வலிக்குதும்மா” என்றாள். வலிக்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது?

டிசம்பர் 7, வெள்ளி



பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். புடவையை ராத்திரியே மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து, மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க யாருங்க? ஜெசிந்தா அம்மா போன மாசம் வந்தாங்களே” என்றார்.

போன மாதமும் கூட்டம் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. லூசியம்மாள் அக்கா போயிருக்கிறாள்.

 வீட்டுக்கு வந்துதான் ஜெசிந்தாவிடம் கேட்டேன். “அவங்கள அம்மான்னு சொன்னியாடி?”

“நான் சொல்லல. டீச்சரே அப்படி நெனச்சிக்கினாங்க.”

“நீ இல்லன்னு சொன்னியா?”

சடை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“என்ன ஏன் கூப்புடல?”

“நீ அங்க வந்து சண்ட போடுவ, அதான்.”

சண்டை போடுவேனாம். நான் பெற்று வளர்த்து, ஜுரத்தில் தோளில் போட்டுக்கொண்டு வடலூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தவள், சண்டைக்காரி. சட்னி அரைத்துக் கொடுத்தவள் அம்மா. போட்டேன் சண்டை. தெருவே கேட்டது. இனி ரோட்டைத் தாண்டினால் காலை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 8

அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து எல்லாம் கேட்டார். “ஒன் கோவத்துக்கு அவ படிப்பா கெடச்சிது?” என்றார். அப்புறம் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டார்.

2013 ஜனவரி 21, திங்கள்

எமர்ஜென்சி லைட்டு வாங்கினோம். அதற்கு சார்ஜ் ஏற்றவும் கரண்டு வேண்டுமே. அரை மணி எரிந்து மங்கிவிடுகிறது. அப்புறம் மெழுகுவத்தி, கொசு, வியர்வை. புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுகிறாள்.

அந்தப் பக்கம் வராந்தா லைட்டு எரிந்துகொண்டே இருக்கிறது. இப்போதெல்லாம் வேண்டுமென்றே எரிய விடுகிறாளோ?

ஜனவரி 30

ரிவிஷன் பரீட்சையில் பிசிக்ஸ் ஃபெயில். என்னிடம் காட்டினாள். அழவில்லை, திட்டவில்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டி, மனசு ஆறியிருக்கும்.

பிப்ரவரி 3, ஞாயிறு

அக்கா வந்தாள். வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராஜாம்பாள்தான் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

“கூட்டத்துக்குப் போனது என் தப்புதான். பாப்பா கூப்டுச்சி, ஆசையா இருந்திச்சி, போயிட்டேன்” என்றாள். “அதுக்காவ படிப்ப நிறுத்தாத. நீயும் கூட வா. நீ ஒக்காந்துகினு இரு, அவ படிக்கட்டும்.”

“ஒங்க வூட்டுக்கு நான் எதுக்கு?”

“என் வூடு எங்கடி இருக்குது? கம்பெனி வூடு. அவரு ரிடையர்டு ஆனா சாவியக் குடுத்துட்டு வரணும். ஒங்க தெருவுலதான் ஒரு மனை பாக்கச் சொல்லிக்கினு இருக்கறேன்.”

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். எனக்காவது இரண்டு சென்ட் சொந்தம். இந்தச் சந்தோஷத்தில்தான் சரி என்றேன்.

பிப்ரவரி 5

போனேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில், விசேஷம் இல்லாத நாளில் அந்த வீட்டில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

ஜன்னல் கம்பியில் கரித்தூள் அப்பிக் கிடக்கிறது. கொடியில் போட்ட துணியிலும்தான். சமையல்கட்டுக் குழாய் சொட்டுகிறது. சொன்னால் ஆள் வர ஒரு மாதமாம். எல்லாவற்றையும் பார்த்துவைத்துக்கொண்டேன். பிறகு ஃபேன் காற்றில் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது என் தலைக்கு அடியில் தலையணை இருந்தது. ஜெசிந்தா படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இந்தப் பெண் இங்கே வர ஏன் தவித்தாள் என்று புரிந்தது. புரிந்ததால் பொறாமை போய்விடுமா என்ன?

மார்ச் 1, வெள்ளி

முதல் பரீட்சை. நெற்றியில் சிலுவை போட்டுவிட என்னிடம்தான் முதலில் வந்தாள். அப்புறம்தான் அங்கே.

மே 9, வியாழன்

பாஸ். பிசிக்ஸிலும் நல்ல மார்க். அக்கா ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள், செருப்புக்கூடப் போடாமல். ஜெசிந்தா அவளைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதிகமாகவே கட்டிக்கொண்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

திருச்சியில் காலேஜ், ஹாஸ்டல். விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் நான் ஜன்னல் ஓரம், அக்கா பக்கத்தில். சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றது. அங்கே அவள் டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் பேச விடுவார்கள், அதுவும் ஐந்து நிமிஷம். காலையிலிருந்து கரண்டு இல்லை. என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. என் நம்பர் போகாவிட்டால் அங்கேதான் பேசுவாள். பேசட்டும், அக்காவுக்கென்ன, எந்நேரமும் கரண்டு இருக்கிறது என்று பொருமிக்கொண்டு விளக்கு வைக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

ரோட்டைத் தாண்டி அக்கா வந்தாள். வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது. கையில் அவளுடைய போன்.

“பாப்பா அடிச்சிது” என்றாள்.

“பேசிட்டீங்களா?”

“எடுக்கல. ரெண்டு தடவ அடிச்சிது, எடுக்கல. எடுத்தா அஞ்சு நிமிஷம் அங்கியே பூடும். ஒன்கிட்ட எடுத்துக்கினு வந்துட்டேன். திரும்ப அடிப்பா, நீ மொதல்ல பேசு.”

நான் நகர்ந்து இடம் விட்டேன். படியில் உட்கார்ந்தாள். போன் நடுவில் இருந்தது. எங்கள் தெருவே இருட்டு. இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடிக்காமல் போய்விட்டால் என்னால்தான் இவளும் பேச முடியாமல் போனது என்று ஆகும்.

அடித்தது. எடுத்தேன்.  சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று ஏதோ கேட்டேன். அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காது மட்டும் இங்கே.

ஐந்து நிமிஷமும் என்னுடையதுதான், யாரும் கேட்கப் போவதில்லை. போனைக் கொடுக்கக் கை லேசில் வரவில்லை.

“பெரியம்மா பக்கத்துல இருக்காங்க, பேசு” என்று பாதியிலேயே கொடுத்துவிட்டேன்.