பதினைந்தாவது ஆள்

எல்ம் ப்ரெய்ரி, அயோவா
செவ்வாய்க்கிழமை காலை

என் நெல்ஸுக்கு, அம்மா எழுதுவது.

நியூ ஹாம்ப்ஷயரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். ஜனாதிபதி வேட்பாளராக்க நீ ராப்பகலாக உழைக்கும் உங்கள் ரோவன் அம்மையாருக்கு, நம் ஊர்ப் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம் விழுந்திருப்பதை இதற்குள் பார்த்திருப்பாய். அது எப்படி விழுந்தது என்று ஊரார் சொல்லிக் கேட்பதற்கு முன் நான் சொல்லிக் கேட்டுக்கொள். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ வக்கீல் மாதிரி குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு மூச்சு வாங்குவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, ஜன்னல் வழியாக எதையோ பார்ப்பது போலப் பாசாங்கு செய்கிறார். இப்போதிருக்கும் ஜனாதிபதி இன்னொரு தடவை வந்தால் அப்பாவின் மருத்துவ இன்சூரன்ஸ் போய்விடும் என்கிறார்கள். அதனால்தான் நல்லவர் அப்புறம், முதலில் ஜெயிக்கிறவர் வேண்டும் என்று, நம் கட்சியிலேயே அவருக்குப் போட்டியாக நிற்கும் ஆளுநர் ஹாஸ்கெட் பக்கம் போனேன். அவர் பேச ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது, அது வேறு விஷயம்.

இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே ஆச்சரியம், நெல்ஸ். யாரைக் கேட்டாலும் தனக்கு யாரைப் பிடிக்கும் என்று சொல்வதே இல்லை. அடுத்த வீட்டுக்காரன் யாருக்கு ஓட்டுப் போடுவான் என்றுதான் சொல்கிறார்கள். நூலகத்து ஜோலீனைக் கேட்டேன். "எனக்கு ரோவன்னா உயிரு. ஆனா டுவேன் மாதிரி ஆளுங்க போடுவாங்களா, நீயே சொல்லு?" என்றாள். அவளும் ஹாஸ்கெட் பக்கம்தான். பன்றிப் பண்ணை டுவேனை உனக்குத் தெரியுமே, ஆயுசு முழுக்க அந்த ஜனாதிபதியின் கட்சிக்கே போட்ட மனுஷன். எங்கள் ஆட்கள் எல்லோருடைய வாயிலும் அவன் பெயர்தான். அவனுக்குப் பிடிக்கிற மாதிரி ஓர் ஆளை நிறுத்தினால் ஜெயிக்கலாம் என்று கணக்குப் போட்டோம்.

நேற்று மாலைதான் நம் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஊர்க் கூட்டம். நல்ல பனி. அப்பா வருகிறேன் என்றார். நான்தான் கூடாது என்று சொல்லிவிட்டு, எலுமிச்சைக் கேக்கை மட்டும் தூக்கிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்தில் சுமார் நூறு பேர், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஹாஸ்கெட் மூலையில் நிற்க இடமில்லை. எங்கள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தலையில் பனியோடு டுவேன்! வாசல் மேஜையிலேயே நம் கட்சிக்கு மாறிக் கையெழுத்துப் போட்டான். எங்கள் மூலையில் கைதட்டக்கூடத் தயாராகிவிட்டார்கள். அவன் நேராக நடந்து ரோவன் மூலையில் போய் நின்றான்.

அவனைச் சேர்த்து அங்கே பதினாலு பேர். விதிதான் உனக்குத் தெரியுமே, பதினைந்து இல்லாவிட்டால் அந்த வேட்பாளருக்குப் பூஜ்யம், அந்தக் கூட்டம் கலைய வேண்டும். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். அரை மணி நேரம் பேரம் பேச விட்டார்கள். அவ்வளவுதான், கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "ஆர்டிஸ், பெத்த புள்ளைக்காக நாலு எட்டு வைக்கக் கூடாதா? காலு தேஞ்சா போயிடும்?" என்று அங்கிருந்து ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

போனேன். சேர்வதற்கு இல்லை, கேட்பதற்கு. தரையில் போட்டிருந்த கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, உனக்கு என்னப்பா வந்தது என்று டுவேனைக் கேட்டேன். "அந்தம்மா எங்க பண்ணைக்கு வந்துச்சு. ஓடையில கழிவு விட்டா நான்தான் செலவு பண்ணிச் சுத்தம் பண்ணணும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, கையைக் குடுத்துட்டுப் போச்சு. எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா எங்கிட்ட பொய் சொல்லாத ஆளைப் பாத்து எத்தனை காலமாச்சு" என்றான். சரி, நவம்பர் தேர்தலில் ஹாஸ்கெட் நின்றால் போடுவாயா என்றேன். "அவருக்கு எதுக்குப் போடணும்?" என்றான். உன்னை நினைத்துத்தானே அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். "என்னை நினைச்சா? அப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஆர்டிஸ்!"

ஆனாலும் திரும்பி என் மூலைக்கே போய் நின்றேன். ஒரு டுவேன் வந்தால் ஊரிலுள்ள எல்லா டுவேனும் வந்துவிடுவார்களா? அப்பாவின் மூச்சை வைத்து என்னால் சூதாட முடியாது. அப்படித்தான் அந்த நேரத்தில் நினைத்தேன். நேரம் முடிந்தது, கூட்டம் கலைந்தது, பாதிப் பேர் எங்களிடம் வந்தார்கள், ஜோலீன் என்னைக் கட்டிப்பிடித்தாள். டுவேன் யாரிடமும் போகவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது தட்டிலிருந்து ஒரு துண்டு கேக் எடுத்தான். நல்லாயிருக்கு என்றான். மார்வை விசாரித்ததாகச் சொல் என்றான், உன் அப்பாவைத்தான். பிறகு பனியில் இறங்கிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்களுக்காகத்தான் அங்கே நின்றேன் என்றும் சொன்னேன். அவர் கரண்டியால் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "நான் வந்திருந்தா டுவேன் பக்கத்துலதான் நின்னிருப்பேன், ஆர்டிஸ்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீ எங்கே கேட்ட?" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இவருக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

நான் செய்தது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. சரி என்றும் தோன்றவில்லை. சனிக்கிழமை ஆப்பிள் பை பலகாரம் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு டுவேன் வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தடவை கேட்கிறதுக்கு மட்டும்தான் போகிறேன்.

உன்னையும்தான் கேட்காமல் விட்டேன். வேலையை விட்டுவிட்டு அந்த அம்மையார் பின்னால் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, அவர் ஜெயிப்பாரா என்றுதான் கேட்டேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு போனாய். ஆகவே மகனே, இந்தக் கடிதத்துக்குக் கட்டாயம் பதில் போடு. அவர் ஜெயிப்பாரா என்று எழுத வேண்டாம். அவரை உனக்கு ஏன் பிடித்தது என்று எழுது. அப்பா சத்தம் போட்டுப் படிக்கட்டும், நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

குல்லா இல்லாமல் வெளியே போகாதே. கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
ஆர்டிஸ்