உன் வண்டி மேட்டில் நிற்கிறது

முதலிபாளையம்,
ஞாயிறு காலை

அன்புள்ள அனு கண்ணுக்கு,

இன்று எழுந்ததும் பாலை அடுப்பில் வைப்பதற்கு முன்னாலேயே வாசலுக்குப் போய், உன் பைக்கின் உறையை உருவிவிட்டு, பின் சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் அந்த எடின்பரோக் குளிரில் சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஞானாம்பாள் அக்காவின் மகன் இந்த மாதக் கடைசியில் லண்டன் போகிறான், அவன் கையில் உனக்கு உள்ளே போடுகிற கெட்டிப் பனியனும் பருப்புப் பொடியும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இந்தக் கடிதமும் அங்கிருந்து உனக்குத் தபாலில் வரும்.

வண்டி சும்மா நின்று வீணாகிறது, சசிகுமார் கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்று நீ அப்பாவிடம் போனில் சொன்னாய் அல்லவா. நியாயமான பேச்சுதான். ஆனால் வண்டி சும்மா நிற்கவில்லை அம்மிணி. ஆடி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சிட்கோ தொழிற்பேட்டை ரோட்டில் நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி இறங்காமல் இருக்கத்தான் ஓட்டுகிறேன் என்று அப்பா நினைத்தார், முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடவும், தைக்க வெட்டி வைத்த பீஸ் மூட்டை ஏற்றவும், மளிகைக்கும் என்று இத்தனை வருடம் ஸ்கூட்டி ஓட்டியிருக்கிறேன், ஒரு நாளும் எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லாமல் சும்மா ஓட்டியதில்லை. இதில்தான் அது என்னவென்று தெரிந்தது.

எனக்கு உன் உயரம் இல்லையே, நுனிக்கால்தான் தரையில் படுகிறது. சமதரையில் பரவாயில்லை, நம் பனியன் யூனிட் இருக்கிற சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற மேடுதான் பயம். வலது கால் பிரேக்கில், இடது கால் நுனியில், கை கிளட்சில் என்று தடுமாறி, முதல் நாள் வண்டி பின்னால் உருண்டு, துணி ரோல் ஏற்றி வந்த மினிடோரில் முட்டப் பார்த்தது. வண்டி வாங்கிய அன்று, மேட்டில் நிறுத்தினால் இதுவே பிடித்துக்கொள்ளும், ஹில் ஹோல்டு இருக்கிறது என்று நீ பெருமையாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாம் சொல்லாமல் அது பிடிக்காது என்பதை நானாகப் பழகித் தெரிந்துகொண்டேன். இன்ஜின் ஓட வேண்டும், சைடு ஸ்டாண்டை எடுத்திருக்க வேண்டும், வண்டி முழுக்க நின்ற பிறகு முன் பிரேக்கை ஒரு முறை கோபம் வந்த மாதிரி அழுத்த வேண்டும். நான் ஸ்கூட்டி பழக்கத்தில் பூப்போலப் பிடித்து ஏமாந்தேன். நன்றாக அழுத்தினால் மீட்டரில் சின்ன விளக்கு எரியும், அப்புறம் கையையும் காலையும் பிரேக்கிலிருந்து எடுத்துவிடலாம், பின் சக்கரத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரைத் திருகிக் கிளட்சை விட்டால் தானாகவே விட்டுவிடுகிறது. பிரேக்கைத் தொடாமல், இரண்டு கால் நுனியையும் தரையில் வைத்து அந்த மேட்டில் முதல் தடவை நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

போன வாரம் அந்த ஹில் ஹோல்டு திடீரென்று நின்றுபோனது. எவ்வளவு அழுத்தியும் பிடிக்கவில்லை, ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தது. அன்றைக்கென்று சசிகுமார் வண்டி பார்க்க வந்தான். உன் அத்தை மகனைப் பற்றி உனக்குத் தெரியாததா, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, சென்சார் போய்விட்டது, எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், செலவு வைக்கும் என்று உதட்டைப் பிதுக்கினான். எப்படியும் நானே எடுத்துக்கொள்கிறேன், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிப் போகிறேன் என்றும் சொன்னான். ஹில் ஹோல்டு வேலை செய்யாவிட்டால் எப்படி என்று நான் கேட்டதற்கு, “ஹில் ஹோல்டு போனா போவுது உடுங்கத்தே, நீங்க என்ன மலையேறவா போறீங்க?” என்றான். அப்பாவும் சிரித்தார். நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வண்டி போனால் என் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து போய்விடும் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது.

வியாழக்கிழமை வண்டியை வெயிலுக்கு நகர்த்தி வைத்து நானே பார்த்தேன். பிரேக் ஆயில் சரியாக இருந்தது. பின் டிஸ்க்கை ஒட்டி ஓட்டை ஓட்டையாக ஒரு சின்ன வளையம் இருக்கிறது, பக்கத்திலேயே விரல் நுனி அளவுக்குச் சென்சார். சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று வண்டிக்குச் சொல்வது அதுதான். அது குழம்பினால் ஏபிஎஸ்ஸும் இல்லை, ஹில் ஹோல்டும் இல்லை. அந்த இடுக்கில் நூல் சுற்றியிருந்தது கண்ணு. துணி வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட்டிலிருந்து பிரிகிற பனியன் நூல், பிரேக் கரித்தூளும் கிரீஸும் சேர்ந்து அடையாக அப்பியிருந்தது. ஹேர்பின்னை வைத்து மெதுவாக உருவினேன். உருவ உருவத்தான் நிறம் தெரிந்தது, பாட்டில் பச்சை.

அந்தப் பச்சைத் துணி நம் யூனிட்டுக்கு வந்ததே சமீபத்தில்தான், வீட்டுக்கு நான் ஒரு துண்டுகூடக் கொண்டுவரவில்லை, வண்டி துடைக்க நான் எடுப்பது பழைய குளியல் துண்டு. ராத்திரி சோறு போடும்போது நூலை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு, “புள்ள வண்டி தூசி புடிச்சு நிக்குதேன்னு காலைல ஒரு துணியப் போட்டுத் தொடப்பேன், அது ஒரு குத்தமா?” என்றார். நான் கோலம் போட வருவதற்கு முன்னாலேயே தினமும் துடைத்திருக்கிறார் அனு. மெஷினில் எண்ணெய் சிந்தினாலும் வேஸ்ட், கை துடைக்க வேஸ்ட் என்று வாழ்ந்தவருக்கு வேறு துணி எப்படித் தோன்றும். உன்னை அனுப்பிவிட்டு ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வரும்போது ஒரு வார்த்தையும் பேசாத மனிதர்.

மறுநாள் காலை கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஏபிஎஸ் விளக்கு அணைந்தது. சோதித்துப் பார்க்க நம் மேடு போதாது, நேற்று அப்பாவிடம் சிவன்மலைக்குப் போகலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். மலைப்பாதைத் திருப்பத்தில் முன்னால் ஒரு வேன் நின்றுவிட்டது. நிறுத்தி அழுத்தினேன், விளக்கு எரிந்தது. பின்னால் அப்பா இரண்டு காலையும் கீழே ஊன்றி மலையையே தாங்கிக்கொண்டிருந்தார். “ஏனுங்க, காலத் தூக்கி மேல வையுங்க, வண்டி எங்கியும் போவாதுங்க” என்றேன். பயந்து பயந்து வைத்தார். வண்டி அசையவில்லை. மேலே போய் இறங்கியதும், பயத்தில் என் முதுகுக்குப் பின்னால் கையைக் கூப்பிக்கொண்டே வந்ததாகவும், சாமிக்குக்கூட இவ்வளவு நெருக்கத்தில் கும்பிடு போட்டதில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். வாசலில் பொரி வாங்கித் தின்றோம், இரண்டு பேரும் இப்படிச் சேர்ந்து வெளியே போய் எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கவில்லை.

உன் ஊரும் மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்றாய், மழையில் நடக்கும்போது நல்ல செருப்பாகப் போட்டுக்கொள். சனிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை. ராத்திரி ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடாதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல், எப்போதும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் சாமி.

ஏன் போனில் சொல்லாமல் இவ்வளவையும் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ வேண்டாம் என்பாய், அப்பா கொடுத்த வாக்கு என்பார், நானும் சரி என்று சொல்லிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். இது உன் கைக்கு வரும்போது அவன் வருவதாகச் சொன்ன வருகிற வெள்ளிக்கிழமை போயிருக்கும். சசிகுமாரிடம் நான் சாவியைக் கொடுக்கப்போவதில்லை. இன்னும் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நீ லீவுக்கு வரும்போது உன் ஹெல்மெட் அலமாரியில் இருக்கும், மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிக்கொள்.

உன் அன்பு அம்மா,
சாந்தாமணி