கிரேசுக்குச் சேர வேண்டிய மஞ்சள் கரு

1957 ஜனவரி 7

தங்கை மகள் கிரேசைச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஏழு மாதக் கர்ப்பிணி. விளக்கு வைக்கும் நேரமானால் அவளுக்குக் கண் தெரிவதில்லை. மாலைக்கண்ணாம். நர்ஸ் ஏசுரத்தினம் என்னிடம் விவரமாக ஏதோ சொன்னாள். முட்டை என்பது காதில் விழுந்தது. மற்றதை எங்கே கேட்டேன்? எல்லைத் தகராறில் நம் ஊர் சென்னைப் பக்கம் போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று வராந்தாவில் ஐம்பது பேர் – சரி, ஆறு பேர் – என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் தங்கை மேரி, "இன்னாண்ணா சொன்னாங்க?" என்றாள்.

"தினம் ரெண்டு முட்டை அவிச்சிக் குடு. வெள்ளை மட்டும். மஞ்சள் சூடு, வயித்துப் புள்ளைக்கு ஆவாது. பெரிய டாக்டரே என் தோள்ல கை போட்டுச் சொன்னாரு."

பெரிய டாக்டரை நான் பார்க்கவே இல்லை.

ஜனவரி 9

மஞ்சளை வீணாக்குவானேன்? நேற்றும் இன்றும் நானே தின்றேன். மிளகு தூவி.

ஜனவரி 19

சாயங்காலம் கிரேஸ் வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். வயிற்றில் அடியில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். முழங்கையில் தோல் போய்விட்டது.

"மாமா சொன்னபடிதானே துன்னுக்கினு கீறேன், ஏம்மா இன்னும் தெரியல?" என்று அழுதாள். என்னைக் கேட்டிருந்தால் ஏதாவது அளந்துவிட்டிருப்பேன். அவள் அம்மாவைக் கேட்டாள்.

ஜனவரி 21

தனியாகச் சித்தூர் போனேன். ஏசுரத்தினம் என்னையே பார்த்தாள். "முழு முட்டை குடுக்கச் சொன்னேனே, ஞானசிங் ஐயா. வெள்ளை உடம்புக்கு நல்லதுதான். ஆனா கண்ணுக்கு வேண்டிய சத்து மஞ்சள்லதான் கீது. அதை இன்னா பண்ணீங்க?"

"கோழிக்குப் போட்டோம்."

அங்கேயும் பொய். இருபத்தாறு மஞ்சள் கரு. எல்லாம் இந்த வயிற்றுக்குள். நான் மனுஷன்தானா?

ஜனவரி 22

சொல்லிவிட்டேன். ஜோடிக்காமல்.

மேரி, "உன் வாயால எம்பொண்ணு கண்ணு போயிருக்கும்ண்ணா" என்றாள். பிறகு பேசவில்லை. கிரேஸ்தான் கொஞ்ச நேரம் கழித்து, "மிளகு போட்டா துன்னீங்க, மாமா?" என்றாள்.

அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

ஜனவரி 23

முழு முட்டை, முருங்கைக்கீரை, ஏசுரத்தினம் கொடுத்தனுப்பிய மீன் எண்ணெய். மேரி இன்னும் பேசவில்லை.

பிப்ரவரி 16

இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கு ஏற்றவில்லை. உள்ளே நுழைந்தேன். கூடத்து மூலையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த கிரேஸ் நிமிர்ந்தாள்.

"பொத்தானை மாத்திப் போட்டுக்கினு ஊரெல்லாம் சுத்திட்டு வரீங்களா, மாமா?"

குனிந்து பார்த்தேன். எனக்கே தெரியவில்லை, தடவித்தான் கண்டுபிடித்தேன். அடுப்படியிலிருந்து மேரி, "கையக் கழுவிக்கினு வாண்ணா, சோறு ஆறுது" என்றாள்.

சாப்பிட்டு வெளியே வந்தால் பக்கத்து வீட்டுச் செங்கல்வராயன். "உன் வைத்தியத்துல பொண்ணுக்குக் கண்ணு தெரியுதாமே?"

"நர்சம்மா சொன்னது" என்றேன். மீதிக் கதை வருமென்று அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். நான் வேறொன்றும் சொல்லவில்லை.