டாஷ்கண்டுக்கு இரண்டு ஸ்வெட்டர்

ஜூன் 15, 2025, ஞாயிறு

இன்று மதுரையில் முன்பின் தெரியாத ஒரு மனிதரின் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். தாலி கட்டியவர் இரண்டு படி மேலே நின்று வேடிக்கை பார்த்தார்.

வெளியே சொல்ல முடியாததை எழுதத்தானே இது. எழுதிவிடுகிறேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. இதுவரை எஸ்கலேட்டரில் கால் வைத்ததில்லை. ஏர்போர்ட்டில் அது இருக்குமே என்று பயந்து, "ஒரு தடவ ஏறிப் பழகிட்டு வந்துருவோங்க" என்று நான்தான் இவரை மதுரைக்கு இழுத்துப் போனேன். படி நகர்ந்தது. செருப்பு நகர்ந்தது. நான் நகரவில்லை. கைக்கு அகப்பட்டது முன்னால் நின்றவரின் இடுப்பு. அவர் பெஞ்சாதி பக்கத்திலேயே நின்றாள். "விடுங்கக்கா, மேல வந்தாச்சு" என்று என் விரல்களை அந்தப் புண்ணியவதிதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

இவ்வளவு கூத்தும் எதற்கு? இவர் வேலை பார்க்கிற மில்லைத் தீபாவளியோடு மூடுகிறார்கள். ராஜபாளையத்தில் ஐம்பத்து மூன்று வயது ஸ்பின்னிங் மாஸ்டரை வேறு யார் எடுப்பார்கள்? வெளிநாட்டில் எடுக்கிறார்கள். இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று இந்தோனேசியாவில் பாண்டுங். இன்னொன்று உஸ்பெகிஸ்தானில் டாஷ்கண்ட் பக்கம். குடும்பத்தோடு வந்து ஊரைப் பார்த்துவிட்டுச் சேரலாமாம். டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு.

இதுவரை பயம் இல்லை. போன வாரம் இவர் சொன்ன வார்த்தையில்தான் பயம் பிடித்துக்கொண்டது.

"ரெண்டையும் பாப்போம். நீ எதச் சொல்லுதியோ அங்க போயிருவோம் யோகு. ஓம் முடிவுதான்."

இந்த வீட்டில் சாம்பாரா புளிக்குழம்பா என்பதையே இருபத்தாறு வருஷமாக அவர்தான் முடிவு செய்கிறார். திடீரென்று எனக்கு ஒரு நாட்டைத் தூக்கிக் கொடுத்தால்? நான் கை காட்டுகிற ஊர் சரியில்லாமல் போனால், சாகிறவரை "நீ சொல்லித்தான வந்தேன்" என்பாரே.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு ஊர் எப்படி என்று தெரிய, மற்றவர்கள் தண்ணீரைக் கேட்பார்கள், ஆஸ்பத்திரியைக் கேட்பார்கள். நான் துணி காயப்போடும் கொடியைப் பார்ப்பேன். செட்டியார்பட்டியில் நாலு மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவளுக்கு வேறு என்ன தெரியும்? கொடியில் நைட்டி தொங்கினால் அந்தத் தெருவில் நான் பிழைத்துக்கொள்வேன்.

பாண்டுங்கில் சங்கரன்கோவில்காரி ஒருத்தி இருக்கிறாள், செல்வலட்சுமி. அவள் வீட்டுக்காரரும் அதே மில். நம்பர் வாங்கி வீடியோவில் பேசினேன். வீட்டைக் காட்டினாள், பிரிட்ஜைக் காட்டினாள். "அதெல்லாம் இருக்கட்டும், மொட்டை மாடிக் கொடியைக் காட்டு தாயி" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேலே போய்க் காட்டினாள்.

ஜீன்ஸ். டீசர்ட். மறுபடி ஜீன்ஸ். ஒரு நைட்டி இல்லை.

"அங்கன பொம்பளைக வீட்டுல என்னதான் உடுத்துவாக?"

"எங்க குவார்ட்டர்ஸ்ல எல்லாம் வேலைக்குப் போற பிள்ளைகக்கா."

சரி, டாஷ்கண்ட் கொடியைப் பார்ப்போம் என்றால், "அங்க நம்மாளுக யாருமே இல்ல" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார் இவர். சாயங்காலம் குளித்தவர்தான்.

ஜூன் 26, வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்: "எனக்கென்னமோ டாஷ்கண்டுன்னுதான் தோணுது. குளுரு ஊரு. பொம்பளைக வீட்டுக்குள்ளயே இருப்பாக. வீட்டுக்குள்ள இருந்தா நைட்டிதான்."

இவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். கண்ணெல்லாம் சிவந்து, "பாக்காம முடிவு சொல்லாத! மொதல்ல பாண்டுங்கப் பாரு. பொறவு பேசு" என்றார்.

எதற்கு இவ்வளவு கோபம்? முடிவு என்னது என்று அவர்தானே சொன்னார்?

ஜூலை 5, சனி

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று கடை ஏறி இறங்கி இரண்டு ஸ்வெட்டர் வாங்கினேன். வேர்த்து வழிந்துகொண்டு ஸ்வெட்டரை உடம்பில் வைத்து அளவு பார்க்கிற பொம்பளைகளில் எத்தனை பேரைக் கடைக்காரர் பார்த்திருப்பார்! "கொடைக்கானலாம்மா?" என்றார். "டாஷ்கண்ட்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்தில் துணி எடுத்தவள் திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரும்பலுக்காகவே சொன்னேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

இவர் பார்த்துவிட்டு, "ரெண்டு எதுக்கு, ஒண்ணு போதும்ல" என்றார். ஐஸ் பெய்கிற ஊருக்கு ஒன்று போதுமாம். மனுஷனுக்குத் தூக்கமே இல்லை. விடியுமுன் எழுந்து குளியலறையில் "தெரிமா காசி, தெரிமா காசி" என்று முணுமுணுக்கிறார். இந்தோனேசியாவில் நன்றி சொல்கிற வார்த்தையாம். டாஷ்கண்டில் நன்றிக்கு என்ன என்றால், "அதப் பொறவு பாத்துக்கிடலாம்." வரிசைப்படி படிக்கிறார் போல. மில்காரர் அல்லவா.

ஜூலை 9, புதன்

என்னிடம் தைக்கிற சுடலைமாடத்தியிடம் தையல் யூனிட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம் அவள்.

ஜூலை 16, புதன், ஆனி கடைசி

டிராவல்ஸ் நடத்துகிற ஆல்வின் ஆகஸ்ட் 5-க்கு டிக்கெட் போட்டுவிட்டான். முதலில் பாண்டுங். டாஷ்கண்ட் தேதி என்னவென்றால், "அண்ணன்கிட்டக் கேளுங்கக்கா" என்கிறான். அண்ணனிடம், அதாவது இவரிடம், கேட்டால் பன்னிரண்டாம் தேதி என்கிறார்.

ஆகஸ்ட் 5 ஆடி மாதம். என் மதினிக்கு, அதாவது இவருடைய அக்கா பரிபூரணத்துக்கு, இது எட்டிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனில் கத்தினாள்: "ஏட்டி, ஆடியில நாங்க வெளக்கமாறு கூடப் புதுசு வாங்கமாட்டோம். நீ நாடு பாக்கப் போறியாக்கும்!"

அதற்கு வழியையும் அவளே சொன்னாள். பரஸ்தானம் வைப்பது. நல்ல நாளில் பயணச் சாமானை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்ட கணக்கு. கிளம்புகிற அன்று போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். திரும்ப நம் வீட்டுக்குள் மட்டும் கொண்டுவந்துவிடக் கூடாது.

ஒரு கட்டைப்பையில் பச்சரிசி, மஞ்சள், தேங்காய், இவருடைய புது வேட்டி, என் பச்சைச் சுங்குடி எல்லாம் வைத்தேன். அப்போதுதான் எனக்குக் குசும்பு. "சாமி அரிசியக் கேக்கும். ஏர்போட்டுக்காரன் இதயில்ல கேப்பான்" என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் சேலை மடிப்பில் செருகிவிட்டேன். ஆல்வினிடம்தான் நகல் இருக்கிறதே. பயணம் முறைப்படி மதினி வீட்டு அலமாரிக்குள் கிளம்பிவிட்டது. நாங்கள் பஸ் ஏறி ராஜபாளையம் திரும்பிவிட்டோம்.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். மதினி வீட்டில் உட்கார இடமில்லை. தேர் பார்த்தோம், சாப்பிட்டோம், வந்தோம். நான் ஆண்டாளிடம் கேட்டது ஒன்றுதான்: என் வாயால் தப்பான ஊர் வந்துவிடக் கூடாது.

ஜூலை 29, செவ்வாய்

பை இல்லை.

மதினி காலையில் அழுதுகொண்டே போன் செய்தாள். அலமாரி திறந்து கிடக்கிறது, பையைக் காணோம். நேற்று வந்தவர்கள் எத்தனை பேர்! நான் மெஷின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். யோகு, உனக்கு எதுக்குட்டி இந்தப் புத்தி? பாஸ்போட்ட அரிசிக்குள்ள வைப்பாளா ஒருத்தி?

இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, "இதுவும் போச்சுன்னா..." என்றார். இன்னொன்று இருக்கிறதே என்று தேற்ற நினைத்தேன். பாஸ்போர்ட் போனால் இரண்டு நாடும்தானே போகும் என்று உறைத்ததும் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினேன்.

மத்தியானம் மதினி மருமகள் வாய் திறந்தாள். நேற்று வ. புதுப்பட்டியிலிருந்து அவளுடைய அம்மா வந்திருந்தார்கள். வெறும் கையோடு அனுப்பக் கூடாதே என்று தேடியிருக்கிறாள். அலமாரியில் ஒரு பை. அரிசி, மஞ்சள், தேங்காய், வேட்டி, சேலை. "சம்பந்திக்கு அத்தை எடுத்துவச்ச சீருன்னு நெனச்சேன் சின்னம்மா." அவளை என்ன சொல்ல? யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

உடனே புதுப்பட்டிக்குப் போனோம். சம்பந்தியம்மா வாசலில் நிற்கிறார்கள், என் பச்சைச் சுங்குடியில்.

"வாங்க, வாங்க! ஒங்க மதினி இந்தத் தடவ சீரு எம்புட்டு நல்லாச் செஞ்சிருக்காக! போன வருசம் தேங்காயும் பழமுந்தான்."

இதற்குமேல் எப்படிக் கேட்பது? "ஒங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றேன். எங்களை உட்காரவைத்துப் பொங்கல் போட்டார்கள். பச்சரிசிப் பொங்கல். என் பயணத்தை நானே நெய் ஊற்றித் தின்றேன்.

கடைசியில் இவர்தான் தொண்டையைச் செருமி, "அதுக்குள்ள ரெண்டு நீலப் புத்தகம்..." என்றார்.

"ஆமா! தங்கத்துல சிங்கம் போட்டிருந்துச்சு. நரசிம்மர் புத்தகம்னு சாமிக்கிட்ட வச்சேன்."

சாமி படத்துக்குக் கீழே, மேலட்டையில் மஞ்சளும் குங்குமமும் பூசி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு செம்பருத்தியோடு இருந்தன இரண்டும். நான் அங்கேயே விழுந்து கும்பிட்டேன். பக்தி என்று சம்பந்தியம்மா நினைத்திருப்பார்கள்.

பாஸ்போர்ட்டைத் திரும்ப மதினி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். "அரிசிதான போச்சு, பாதிப் பயணம் அப்படியே நிக்கி" என்று மதினி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதுரை ஏர்போர்ட். அதிகாரி பாஸ்போர்ட்டைத் தொட்ட விரலைப் பார்த்தார், குங்குமம். என்னைப் பார்த்தார். முத்திரை குத்திவிட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி, பாண்டுங்

ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி ஒரு ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. எனக்குத்தான் பிடிபடவில்லை. மனிதர்கள் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. செல்வலட்சுமி நல்ல பிள்ளை, ஆனால் புறணி பேசத் தெரியாது. யாரைப் பற்றிக் கேட்டாலும் "நல்லவங்கக்கா" என்கிறாள். இவளை நம்பி எப்படி ஒரு நாட்டுக்கு வருவது?

இவர் ஒரு மணிக்கொரு தரம், "எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா?" என்கிறார். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணின் அப்பா கேட்பது மாதிரி. "இன்னொண்ணையும் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள், பாண்டுங்

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. இன்று காலை வழி தவறி அதற்குள் போய்விட்டேன். அந்தச் சந்து முழுக்கக் கொடி. கொடி முழுக்க நைட்டி! பூப் போட்டது, இலை போட்டது, மயில் போட்டது. வாசல் பெருக்குகிறவள் நைட்டியில், மீன் வாங்குகிறவள் நைட்டியில். இங்கே அதற்கு டஸ்டர் என்று பேராம். ஒருத்தியை நிறுத்தி, சிரித்துக்கொண்டே ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டே காட்டினாள். தையல் சுமார். முக்கியமாக, பை வைக்கவில்லை. மகராசிகள் போனை எங்கே வைப்பார்கள்? என் நைட்டியின் பையைக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள் அவள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எதிர் வீட்டைக் காட்டி ஏதோ காதில் சொல்ல, இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். புறணி! பாஷை புரியாவிட்டாலும் அது எனக்குத் தெரியாதா?

ஓடி வந்து சொன்னேன்: "இங்கயே வந்துருவோங்க. டாஷ்கண்டு பாக்க வேண்டாம். எனக்கு இதான்."

இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பொறவு என்னையச் சொல்லக் கூடாது."

"என் முடிவு. நான் எதுக்கு ஒங்களச் சொல்லப்போறேன்?"

இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறார். இரண்டு மாதமாக இந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. நான் ஒரு நாட்டையே தேர்ந்தெடுத்தவள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 3, புதன், ராஜபாளையம்

போகிற டிக்கெட் போட ஆல்வின் கடைக்குப் போனேன். தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "இவுக பேச்சக் கேட்டிருந்தா இன்னும் ரெண்டு நாடு சுத்தியிருப்போம். நாந்தான் ஒரே பார்வையில முடிச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

ஆல்வினிடமும் பெருந்தன்மையாகக் கேட்டேன். டாஷ்கண்ட் டிக்கெட்டை ரத்து செய்தாயா, பாவம் அந்த மில்காரர்களுக்கு நஷ்டம் வரக் கூடாதே என்று.

அவன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். "டாஷ்கண்டா? அதுக்கு டிக்கெட்டே போடலயேக்கா. அங்க ஜூன் மொத வாரமே வேற ஆள எடுத்துட்டாகன்னு அண்ணன் சொன்னாகளே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் மதுரையில் எஸ்கலேட்டர் ஏறியதே ஜூன் பதினைந்து.